வெளி யூனிட்டுக்கு ஒரு கூண்டு

வாங்க தம்பி, உள்ளே வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், வீட்டைப் பெருக்கி நாலு நாளாச்சு. நான்தான் தாயுமானவன். போன்ல பேசினவன். அலுமினியக் கடைக்காரர் நீங்கதானா, இல்லை அவர் அனுப்பின ஆளா? ஓ, கடையே உங்களுதா. நல்லதாப் போச்சு. நேரடியாப் பேசிடலாம்.

வேலை சின்னதுதான். பெட்ரூம் ஏசியோட வெளி யூனிட்டுக்கு ஒரு கூண்டு செய்யணும். ரெண்டு பக்கமும் மேலேயும் தகரம், முன்னாடி கொசுவலைக் கம்பி. முன்னே ஒண்ணு இருந்தது, கீழே விழுந்துடுச்சு. அதே அளவு, அதே தகரம், அதே வலை. ஒரு அங்குலம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பழைய படம் என்கிட்ட இருக்கு, நானே ஸ்கேல் வச்சுப் போட்டது.

கீழே வாட்ச்மேன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருப்பான். மூணாவது மாடி வாத்தியார் வீட்டுக்கா போறேன்னு கேட்டிருப்பான். உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. இருக்கட்டும். ஆனா அவன் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு நீங்க வேலை செய்யக் கூடாது. அவன் கேட்ல இருந்தவன். நான் ஜன்னல்ல இருந்தவன். நடந்ததை நான் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் அளவு எடுங்க. இந்த ரூம்ல உட்காருங்க, இதுதான் அந்த ரூம்.

முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பசங்களுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். ஏசின்னா என்னடான்னு கேட்டா ஒரு பய சொல்ல மாட்டான். குளிர்ந்த காத்தைத் தயாரிக்குது சார்னுவான். இல்லடா, அது எதையும் தயாரிக்கலை. வீட்டுக்குள்ள இருக்கற சூட்டை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுது, அவ்வளவுதான் அதோட வேலைன்னு போர்டுல படம் போட்டுக் காட்டுவேன். என்கிட்டப் படிச்சவங்க இன்னிக்கு எத்தனை பேர் இன்ஜினியரா இருக்காங்க தெரியுமா? அப்படிப்பட்டவன்கிட்ட வந்து ஒருத்தன் ஏசியைப் பத்திப் பாடம் எடுத்தா எப்படி இருக்கும்? நான் சொல்றது புரியுதா?

கூண்டு எதுக்குன்னா, புறாவுக்கு. இந்த ஜன்னலுக்கு வெளியே பாருங்க, கட்டடத்துக்கு நடுவுல கிணறு மாதிரி ஒரு இடைவெளி. டக்ட்னு சொல்றோம். குழாயெல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. நம்ம வெளி யூனிட் இந்த ஜன்னலுக்குப் பக்கத்துல, சன்ஷேடு மேல இருக்கு. புறா அதுக்குப் பின்னாடி கூடு கட்டி எச்சம் போட்டு நாறடிச்சுடுச்சு. அப்போ என் பொண்ணு மிருணாளினிக்கு ஏழாவது மாசம். பெங்களூர்ல இருக்கா. தலைப் பிரசவம், இங்கேதான் வரணும். புறா எச்சம் நுரையீரலுக்கு ஆகாதுன்னு படிச்சேன். பச்சைக் குழந்தை படுக்கப் போற ரூம் தம்பி இது. அதனால கூண்டு. அப்போ கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க டக்ட்டுக்குள்ள சாரம் கட்டியிருந்தாங்க. அதுல ஏறி நின்னு ஒரு மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிட்டாங்க.

இப்போ இந்த நோட்டைப் பாருங்க. ஏசி வாங்கின நாள்லேர்ந்து குறிச்சு வச்சிருக்கேன். தினமும் மத்தியானம் மூணு மணி, ஒரு மணி நேரம் ஓடின பிறகு அறை எவ்வளவுன்னு. மார்ச் எட்டு, இருபத்திமூணு டிகிரி. ஒன்பது, இருபத்திமூணு. பத்து, இருபத்திமூணரை. பதினொண்ணு, கூண்டு மாட்டின நாள், ஏசி போடலை. பன்னெண்டு, இருபத்தாறு. பதிமூணு, இருபத்தேழு. பதினஞ்சு, இருபத்தெட்டரை. அங்கேர்ந்து இறங்கவே இல்லை. பார்த்தீங்களா? பன்னெண்டாம் தேதி வாக்குல மெஷினுக்குள்ள ஏதோ ஒரு கோளாறு வந்திருக்கு. அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் மூணு தடவை ஆள் வந்தது. கண்டுபிடிக்கலை.

வந்தவன் பேர் அமலன். கம்பெனி அனுப்பின மெக்கானிக். முப்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். பேசறப்போ நம்ம முகத்தைப் பார்க்க மாட்டான், மெஷினைப் பார்த்துக்கிட்டேதான் பேசுவான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன்.

முதல் தடவை வந்தப்போ உள் யூனிட்டைப் பிரிச்சான். ஃபில்டரைக் கழுவினான், உள்ளே தண்ணியைப் பீய்ச்சி அடிச்சான். கறுப்பா ஒரு வாளி அழுக்கு. இதுதான்டா காரணம்னு நான் சொன்னேன். ஓட விட்டோம். அரை மணி கழிச்சுப் பார்த்தா இருபத்தெட்டு. அவன் ஜன்னல்கிட்டப் போய்க் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். அடுப்புக்கு மேல காட்டற மாதிரி கொஞ்ச நேரம் வச்சிருந்தான்.

“சார், சூடு போக வழியில்லை. இந்தக் கூண்டு யாரு மாட்டினது?”

“நான்தான் டிசைன் பண்ணினேன்.”

“இதைக் கழட்டிடலாம் சார். முன்னாடி இருக்கற வலையையாவது எடுத்துடலாம். தூசு அடைச்சிருக்கு. வெளியே தள்ளற சூடு முட்டிக்கிட்டுத் திரும்ப அதுக்குள்ளயே போகுது.”

யார்கிட்ட சொல்றான் பாருங்க. நான் பொறுமையாத்தான் கேட்டேன். ஏம்ப்பா, உன் வீட்டு ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருக்கியா, அது வழியாக் காத்து வருதா வரலையான்னு. அவன் கருவிகளை எடுத்துப் பைக்குள்ள போட்டான். பதில் இல்லைன்னா ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்?

ரெண்டாவது தடவை, ஏப்ரல் ஏழு. நான் போன்லயே சொல்லிட்டேன், கேஸ் குறைஞ்சிருக்கு, வந்து நிரப்புன்னு. அன்னிக்கு இன்னொரு ஆளோட வந்தான். இடுப்புல பெல்ட் மாட்டி, அந்தக் கயித்தை உள்ளே நின்ன ஆள் பிடிச்சுக்கிட்டான். இந்த ஜன்னல் கம்பி ஒரு பக்கம் கதவு மாதிரி திறக்கும். அது வழியா இறங்கி, கூண்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல கையை விட்டு மீட்டரைப் பொருத்திப் பார்த்தான். ஏறி வந்து, கேஸ் சரியா இருக்கு சார், சூடு வெளியேறாததால அழுத்தம்தான் எகிறி நிக்குதுன்னான். மறுபடியும் அதே பாட்டு. கூண்டை எடுங்க, கம்ப்ரசர் தாங்காதுன்னு. கேஸ் நிரப்ப மாட்டேன்னுட்டான்.

போறப்போ இன்னொண்ணு சொன்னான். ஏசியோட தண்ணிக் குழாய் சன்ஷேடு மேலயே சொட்டுது, பாசி பிடிச்சு வழவழன்னு இருக்கு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க சார்னான். அதையும் குறிச்சு வச்சிருக்கேன், இதோ பாருங்க, ஏப்ரல் ஏழு, ‘பாசி’. தேய்க்க ஆள் கிடைக்கலை. யார் தம்பி அந்த உயரத்துல இறங்குவா?

நானும் சும்மா இருக்கலை. ஒவ்வொண்ணா விலக்கிப் பார்த்தேன். ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தினேன். ஸ்டெபிலைசரை மாத்தினேன். வெயில் படற சுவத்துல தெர்மாக்கோல் ஒட்டினேன். கதவுக்கு அடியில பழைய துணியைச் சுருட்டி வச்சேன். ராணிமங்கம்மாள் காலத்துச் சுவர் மாதிரி ஒரு ஓட்டை விடலை. ஏப்ரல் இருபது, இருபத்தொன்பது. கம்ப்ரசர் பத்து நிமிஷம் ஓடும், நிக்கும். திரும்ப ஓடும், நிக்கும். கத்திரி வேற வரப் போகுது. திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததா?

என் சம்சாரம் சௌந்தரம் ஒருநாள் சாதம் போடறப்போ சொன்னா. “அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஒருநாள் எடுத்துட்டுத்தான் பாருங்களேன். ஆகலைன்னா திரும்ப மாட்டிக்கிட்டாப் போச்சு.” அவ தமிழ் பி.ஏ. நான் என்ன சொல்றது? நீ சாம்பாரைப் பாருன்னேன்.

அப்புறம்தான் கம்பெனிக்கு எழுதினேன். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். உங்க மெக்கானிக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியலை, தன் இயலாமையை மறைக்க வாடிக்கையாளர் மேல பழி போடறார்னு. வார்த்தையெல்லாம் அளந்துதான் போட்டேன். மேலதிகாரிக்கும் ஒரு நகல். மூணே நாள்ல போன் வந்தது, ஆள் அனுப்பறோம் சார்னு. கடிதம்னா அப்படி எழுதணும்.

மே ஆறு. மறுநாள் காலையில ரயில்ல மிருணாளினி வரா. எட்டு மாசம் முடிஞ்சு ஒன்பது. பத்தரை மணிக்கு அமலன் வந்தான். தனியா. முகம் ஒரு மாதிரி இருந்தது. ஷூவைக் கழட்டறப்பவே சொன்னான்.

“சார், ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டுப் பேசினாங்க. இந்த வீட்டு வேலை முடியலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னாங்க. நீங்க என்னைப் பத்தி எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க.”

“உன்னைப் பத்தி எழுதலைப்பா. வேலையைப் பத்தி எழுதினேன்.”

“சரி சார். பெல்ட் வேற டீம்கிட்ட போயிருக்கு. நாளைக்கு ஆளோட பெல்ட்டோட வந்து முடிச்சுத் தந்துடறேன். இன்னிக்கு உள்ளே மட்டும் பார்க்கறேன்.”

உள்ளே பார்க்க என்ன இருக்கு? ரெண்டு தடவை பார்த்தாச்சு. வெளி யூனிட்டோட ஃபேன் மோட்டார் மெதுவா சுத்துதுன்னு எனக்குச் சந்தேகம். அதைப் பாருன்னேன். நாளைக்குன்னான். நாளைக்குப் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இந்த ரூம்ல வேகணுமான்னு கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நான் போனை எடுத்தேன். கூப்பிடணும்னு இல்லை தம்பி, சும்மா எடுத்தேன். எடுத்துக் கம்பெனி நம்பரைப் போட்டேன். மணி அடிக்க ஆரம்பிச்சதும் அவன், “வையுங்க சார், இறங்கறேன்”னான்.

நான் தள்ளலை. அவனே சொன்னான், இறங்கறேன்னு. போலீஸ்லயும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவராகவே இறங்க முன்வந்தார். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வந்தான். சௌந்தரம் மோர் கொண்டு வந்து கொடுத்தா. “தம்பி, வேண்டாம்ப்பா. பொண்ணு ஹால்ல படுத்துக்கட்டும். ஒருநாள்ல ஒண்ணும் ஆயிடாது”ன்னா. அவன் மோரை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, “பரவாயில்லம்மா, பத்து நிமிஷம்தான்”னு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அவங்க ரெண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை.

கயிறு நல்ல கயிறு. பால்கனியில துணி காயப் போட வாங்கின நைலான் கயிறு, புதுசு. ரெண்டா மடிச்சு இடுப்புல கட்டிக்கிட்டான். இன்னொரு முனையை இந்தக் கம்பியில ஒரு சுத்து சுத்தி நான் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு சுத்தா சுத்திக்கங்க சார், விட்டுடாதீங்கன்னான். கயிறு நீளம் பத்தலை, ஒரு சுத்துதான் வந்தது. உராய்வு விசைக்கு ஒரு சுத்தே போதும்னு சொன்னேன். பாடம் எடுத்தவன்தானே.

இறங்கினான். சன்ஷேடு ஒன்றரை அடி அகலம். சுவத்தைப் பார்த்துக்கிட்டே பக்கவாட்டுல நகர்ந்தான். எனக்கு அவன் முதுகும் கழுத்தும்தான் தெரிஞ்சது. கழுத்துல வேர்வை ஓடுது. அப்புறம் கிரீச், கிரீச்னு ஒரு சத்தம். திருகாணி கழட்டற சத்தம். எட்டிப் பார்க்கறேன், கூண்டைக் கழட்டிக்கிட்டிருக்கான்! மோட்டாரைப் பாருன்னு அனுப்பினா கூண்டைக் கழட்டறான். நாலு திருகாணியில ரெண்டை எடுத்துச் சட்டைப் பையில போட்டுட்டான்.

உங்களுக்குக் கோபம் வருமா வராதா, சொல்லுங்க? என் வீட்டுப் பொருள். நான் வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னது. எட்டி அவன் கையைத் தட்டிவிடணும்னுதான் போனேன். அதுக்கு ரெண்டு கையும் வேணும்ல, ஒரு கையால ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையை நீட்டணும். கயிறு கம்பியிலதான் சுத்தியிருந்தது. நான் விடலை. சுத்தியிருந்தது. “டேய், அதைத் தொடாதே!”ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவன் திரும்பினான்.

திரும்பினவன் முகத்தை அன்னிக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சார்னு ஆரம்பிச்சான்.

கயிறு கம்பியில ஓடற சத்தம் ஒண்ணு இருக்கு தம்பி. விசில் மாதிரி.

மணி பதினொண்ணு நாற்பது. குறிச்சு வச்சிருக்கேன். டக்ட்டோட கீழ்க் கதவு பூட்டியிருந்தது, பூட்டை உடைச்சு ஆளைத் தூக்கப் பன்னெண்டு ஆயிடுச்சு. கீழ்வீட்டுக்காரர் குழாய் மேல விழுந்திருக்கான். உயிர் போகலை. அதுவரைக்கும் நல்லது. முதுகெலும்புல அடி. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ சௌந்தரம் கூடவே ஏறிட்டா, சமையல்கட்டுல போட்டது போட்டபடி. நான் வீட்டைப் பார்த்துக்க வேண்டியிருந்தது. அன்னிக்கு மூணு மணிக்கு முப்பது டிகிரி. இதோ, மே ஆறு, முப்பது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? தினமும் குறிக்கறவன் ஒருநாள் விட்டா கணக்கு என்னாகும்?

மிருணாளினி மறுநாள் வந்தா. விஷயத்தைக் கேட்டதும் இந்த ரூம் வாசல்ல நின்னா. உள்ளே வரலை. ஜன்னலையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்பா, நீங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டுதானே இருந்தீங்கன்னு கேட்டா. கம்பியில சுத்தியிருந்ததும்மான்னேன். நான் அதைக் கேட்கலைப்பான்னா. அன்னிக்கு மத்தியானமே மாமியார் வீட்டுக்குத் தஞ்சாவூர் போயிட்டா. பேரன் அங்கேதான் பிறந்தான். போட்டோ அனுப்பியிருக்கா. மூக்கு என்னை மாதிரிதான்.

சௌந்தரம் தினமும் ஆஸ்பத்திரி போக ஆரம்பிச்சா. அவனை வீட்டுக்கு அனுப்பின பிறகு மேலப்புதூர்ல அவன் வீட்டுக்கே போனா. என்கிட்ட எதுவும் சொல்லிக்க மாட்டா. பையில கஞ்சியும் துணியும் எடுத்துக்கிட்டுப் போவா, சாயங்காலம் வருவா. போலீஸ்காரர் வந்து கேட்டப்போவும் அவ எதுவும் சொல்லலை. அதுக்காக நான் அவளுக்கு நன்றி சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான்.

மே இருபத்திரண்டு. நான் பென்ஷன் விஷயமா வெளியே போயிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வரேன். இவ இதே ஜன்னல்ல நிக்கறா. கையில ஒட்டடைக் கம்பு. நான் என்னன்னு கேட்கறதுக்குள்ள அதை வெளியே விட்டுக் கூண்டை ஒரு நெம்பு நெம்பினா. ரெண்டு திருகாணியிலதானே தொங்கிக்கிட்டிருந்தது? மடார்னு பிய்ஞ்சு கீழே போச்சு. கீழே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும், ரெண்டு செகண்டுக்குள்ள. அந்தச் சத்தத்துக்கு அவ கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம் ஏசியைப் போட்டுட்டு, அந்த நாற்காலியை இழுத்து அதுக்கு நேரா உட்கார்ந்தா.

ஒண்ணே கால், இருபத்தேழு. ஒண்ணரை, இருபத்திநாலு. ரெண்டு மணிக்கு இருபத்திரண்டு.

அவ எழுந்து, தெர்மாமீட்டரை என் கையில கொடுத்தா. “ஒரு கம்பு. உள்ளே நின்னுக்கிட்டே. ஒரு நிமிஷம்”னா. அவ்வளவுதான் பேசினா. போய்ப் புடவை மாத்திக்கிட்டு மேலப்புதூர் கிளம்பிட்டா.

ஆனா அன்னிக்கு மழை தம்பி. நோட்டுல இருக்கு பாருங்க, மே இருபத்திரண்டு, மழை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நல்லாத் தூறிச்சு. மழை வர்றதுக்கு முன்னாடியே காத்து குளிர ஆரம்பிச்சுடும். வெளி வெப்பம் குறைஞ்சா ஏசி தானா நல்லா வேலை செய்யும். ரெண்டு காரணம் ஒண்ணா இருக்கறப்போ ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு இதுதான்னு சொல்லக் கூடாது. அது அறிவியல் இல்லை. அவகிட்ட இதைச் சொன்னேன். மறுநாள், மூணாம் நாள், தினமும் இருபத்திரண்டுதானேன்னா. கத்திரி முடியற சமயம், வெயில் தணியுதுன்னேன். அவ கேட்டுக்கிட்டா.

ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டா. போனேன். நான் ஒண்ணும் பயந்து ஒளியற ஆள் இல்லை. ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டுப் போனேன். சந்துக்குள்ள ஒரு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைஞ்சதும் மூஞ்சியில அடிக்கற மாதிரி சூடு. முப்பத்தெட்டு இருக்கும், கையில தெர்மாமீட்டர் இல்லை. கட்டில்ல படுத்திருக்கான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தலைமாட்டுல ஒரு ஸ்டாண்ட் ஃபேன் சுத்துது. அது எங்க வீட்டு ஹால் ஃபேன்! ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னு சௌந்தரம் என்கிட்டச் சொல்லியிருந்தா.

அவங்கம்மா எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டாங்க. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.

அவன் கூரையையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான்.

“சார், கூண்டு விழுந்துடுச்சாமே. உங்க வீட்டம்மா சொன்னாங்க.”

“ஆமாப்பா.”

“இப்போ ரூம் குளிருதா சார்?”

அவன் குரல்ல ஒரு ஆசை இருந்தது தம்பி. பரீட்சை பேப்பரைத் திருத்தி வச்சிருக்கறப்போ பசங்க வந்து நிப்பாங்களே, நான் எழுதினது சரியா சார்னு, அந்த மாதிரி. சௌந்தரம் என்னைப் பார்க்கறா. அவங்கம்மா பார்க்கறாங்க. நான் என்ன சொல்லணும்? குளிருதுன்னு சொன்னா என்ன அர்த்தம்? அந்த ஒரு வார்த்தைக்கு என்னென்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க.

“இல்லைப்பா. அப்படியேதான் இருக்கு”ன்னேன்.

அவன் கண்ணை மூடினான். ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்தான். “அப்போ நான் பார்த்தது தப்பா சார்? நான் நிச்சயமா நினைச்சேனே. கையை வச்சுப் பார்த்தேனே.”

“தப்புன்னு சொல்ல முடியாது. அனுபவம் போதாதுப்பா”ன்னேன்.

அவனைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். ஆனா அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டான். அவங்கம்மா, “விடுடா, போனது போச்சு, தப்பு யாருக்குத்தான் வராது”ன்னு அவன் தலையைத் தடவறாங்க. அவன் என்கிட்டச் சொல்றான், சுவத்தைப் பார்த்துக்கிட்டே, “மன்னிச்சுக்கங்க சார், உங்க கூண்டைக் கேட்காமக் கழட்டிட்டேன்”னு.

சௌந்தரம் கையில வச்சிருந்த டம்ளரை மெதுவாக் கீழே வச்சா. வாசலுக்கு வந்து ஆட்டோ பிடிச்சேன். நான் ஏறிட்டேன், அவ ஏறலை. “நீங்க போங்க”ன்னா. அங்கேர்ந்து அப்படியே அவ தங்கச்சி வீட்டுக்கு லால்குடி போயிட்டா. இன்னியோட பதினெட்டு நாள். ஒரே ஒரு தடவை போன் பண்ணினா. “அந்தப் பிள்ளைகிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்க. சொன்ன அன்னிக்கு வரேன். நான் சொன்னா அவன் நம்ப மாட்டான், அந்தம்மா என் மனசுக்காகச் சொல்றாங்கன்னுவான். நீங்க சொல்லணும்.”

சொல்றேன்னுதான் சொன்னேன். நான் மாட்டேன்னு சொல்லலையே. ஆனா உண்மை எதுன்னு முதல்ல தெரியணுமில்ல? அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். சோதனைன்னா ஒரு தடவை பார்த்தா போதாது. பழையபடி அதே கூண்டை மாட்டணும். பத்து நாள் குறிக்கணும். எடுக்கணும், பத்து நாள் குறிக்கணும். மாட்டினா சூடு ஏறுதா, எடுத்தா இறங்குதா? ஏறி இறங்கினா நானே நேர்ல போய் அவன்கிட்ட, நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிடுவேன். ஏறலைன்னா, நான் சொன்னது பொய் இல்லை. எப்படியும் ஒரு முடிவு வேணும் தம்பி. ராத்திரி பகலா இந்த ஏசியை நான் நிறுத்தறதே இல்லை. நிறுத்தினா இந்த ரூம்ல சத்தமே இருக்காது.

பார்த்துட்டீங்களா? என்ன ஜன்னல்கிட்டப் போய் எட்டிப் பார்த்துட்டு அப்படியே நிக்கறீங்க? சாரமா? சாரம் கட்டினா இந்தக் குடியிருப்புக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் அனுமதி வாங்கணும், எனக்கு இப்போ யாரும் முகம் கொடுத்துப் பேசறதில்லை. அளவு எடுக்கத்தானே? கம்பியைத் திறந்து விடறேன். பாசியெல்லாம் வெயில்ல காய்ஞ்சிருக்கும். நான் இங்கேயே நின்னு பிடிச்சுக்கறேன்.

என்ன தம்பி, டேப்பைப் பையில போட்டுட்டீங்க? அளவே எடுக்கலையே. படத்தையாவது கொண்டு போங்க, அதுல எல்லாம் இருக்கு. இல்லையா? வேற யாராவது கடைக்காரர் நம்பர்... சரி, வேண்டாம். சட்டைக் கையை ஏன் இழுத்து விட்டுக்கறீங்க? குளிரா? ஆமாம், கொஞ்சம் அதிகமாத்தான் வச்சிருக்கேன்.

போங்க, பார்த்துப் போங்க. கதவை மட்டும் இழுத்துச் சாத்திட்டுப் போங்க தம்பி. குளிர் வெளியே போகுது.